வாய்மையும் மூளை அலையும்

குற்ற வழக்குகளைப் பற்றிய செய்திகளில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்னும் தொடர் இன்று பெருவழக்காய் உள்ளது. மூச்சையும் நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளக்கும் பாலிகிராப் கருவியில் ஒருவரை அமர்த்தி வினவுதல், மருந்தூசியிட்டு அரைமயக்கத்திற் பேசச் செய்தல், தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் அலைகளைப் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் இவ்வொரு பெயரால் சுட்டப்படுகின்றன. பாலிகிராப்பிற்குப் ‘பொய் கண்டறியும் சோதனை’ என்னும் பெயரும் உண்டு. ஒரே சோதனை ஒருகால் பொய்யைக் காண்பதாகவும் ஒருகால் உண்மையைக் காண்பதாகவும் பெயர் பெறுதல் எண்ணத்தக்கது. சோதனையின் பயன் என்ன என்னும் வினா எழுமுன்னரே பெயர் அதற்கு விடை கூறிவிடுகிறது.

இது சட்ட நூலாரும் மருத்துவரும் ஆராய வேண்டிய பொருளன்றோ, தமிழாய்வார்க்கு இதில் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனுடைய உள்ளத்தில் உள்ளதை அவன் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாமா என்பதே இதன் உயிர்நிலையான வினா. உள்ளத்திற்கும் சொல்லுக்கும் உள்ள உறவு பற்றிய அவ்வினா, நம் மொழியிலும் இலக்கியத்திலும் காவிரிப் படுகையின் வரலாற்றிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் ஒளியில் இன்றைய சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மை, வாய்மை, மெய்ம்மை

தமிழில் உண்மைக்கு மூன்று சொற்கள் உள. உள்ளத்தின்பாற்பட்டது உண்மை, வாயின்பாற்பட்டது வாய்மை, மெய்யாகிய உடம்பின்பாற்பட்டது மெய்ம்மை எனச் சான்றோர் பகுத்துரைப்பது வழக்கம். சொற்பிறப்பு நெறியால் நோக்கின் இப்பகுப்பு முற்றும் பொருந்தாது. உண்மை என்பது உள்ளதன் தன்மை. ‘உள்’ என்னும் இருப்புப் பொருளுடைய அடியிற் பிறந்தது. எனினும், மூன்று சொற்களையும் மூன்று இடங்களோடு பொருத்திக் கண்ட கருத்து ஆழமானது. ஒரு செய்தி ஒருவன் உள்ளத்தில் இருப்பது ஒன்று. அவன் அதனைத் தன் சொல்லாகச் சொல்வது மற்றொன்று. அவன் உடம்பு அதனைக் காட்டிக்கொடுப்பது வேறொன்று. மூன்றும் ஒன்றல்ல.

திருவள்ளுவர் அதிகாரத்திற்குப் பெயரிடும்போது வாய்மை என்னும் சொல்லையே தேர்ந்தார். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லைச் சொல்லுதல் என அதற்கு இலக்கணமும் வகுத்தார். அவர் கருத்தில் வாய்மை என்பது உள்ளத்திற் கிடக்கும் செய்தியன்று. ஒருவன் பொறுப்பேற்றுச் செய்யும் செயல். சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்னும் இரு வழியும் திறந்திருக்கும்போது சொல்லப்படுவதே அறத்தின்பாற்படும். குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலுமாக இரண்டு அதிகாரங்களும் அவர் வகுத்துள்ளார். முகத்தைக் கண்டு அகத்தை அறிதல் அவர் அறியாததன்று. ஆயின் அதனை அமைச்சர்க்கும் காதலர்க்கும் உரிய நுண்ணறிவாகக் கூறினாரேயன்றி, தண்டனைக்குரிய சான்றாகக் கூறினாரல்லர்.

வழக்குக்குரிய சான்றுகளைத் தடுத்தாட்கொண்ட புராணம் மூன்றாக வகுக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய வேதியர் வடிவில் வந்த இறைவன் தம் உரிமையை நாட்ட முற்படும்போது, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்பன எண்ணப்படுகின்றன. நெடுநாள் வழங்கிய உரிமை, எழுதப்பட்ட ஓலை, கண்டோர் கூற்று என இவற்றை விளக்கலாம். மூன்றும் புறத்தே உள்ளவை. அவையோர் அனைவரும் கண்டும் கேட்டும் ஆராயத்தக்கவை. எதிராளியின் நெஞ்சைத் திறந்து பார்த்தல் என்னும் நான்காவது வகை அங்கு இல்லை.

புகார் நகரத்து மன்றங்கள்

பிழையாத பொறி ஒன்று இருந்து பொய்யரைப் பிடித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாம் என்னும் விழைவு பழையோர்க்கும் இருந்தது. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் இருந்தனவாகச் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை ஐந்து மன்றங்களைக் கூறும். அவற்றுள் மூன்று நம் பொருட்கு உரியன. வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். கவர எண்ணுவோர் கழுத்துக் கடுக்கச் சுமந்து திரிவர். பூத சதுக்கத்துப் பூதம் பொய்க்கரி கூறுவோர் முதலாயினாரைப் பாசத்தாற் பற்றி உண்ணும். பாவை மன்றத்துப் பாவையோ அரசன் செங்கோல் கோடினும், அறங்கூறு அவையத்தார் ஒருபாற் சாயினும் நாவாற் பேசாது கண்ணீர் உகுத்து நிற்கும்.

அடைக்கலக் காதையில் இப்பூதம் மீண்டும் வருகிறது. அறியாத ஒன்றை அறிந்ததுபோற் பொய்க்கரி கூறி ஒரு பத்தினியின்மீது பழி ஏற்றியவனைப் பூதம் பற்றுகிறது. அவன் தாயின் துயர் கண்டு பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டுகிறான். பூதம் இசையவில்லை. அது குற்றத்தை அறியும், அளவையில் தவறாது, ஆயின் இரக்கம் அதற்கு இல்லை. இறந்தவன் சுற்றத்தைப் பல்லாண்டு காத்தவன் கோவலனே.

இம்மன்றங்களின் அமைப்பில் ஒரு செம்மை உள்ளது. பூதத்தை மட்டும் வைத்து அடிகள் அமையவில்லை. பாவையையும் உடன் வைத்தார். குடிகளின் பொய்யைக் காணும் பொறி ஒன்று இருப்பின், ஆள்வோரின் கோட்டத்தைக் காணும் பொறி ஒன்றும் இருத்தல் வேண்டும் என்பது அந்நகரத்தைக் கற்பித்தோர் உள்ளக்கிடக்கை. அத்தகைய பாவை இல்லாத மதுரையில் பொற்கொல்லன் சொல்லொன்றே சான்றாக ஒருவன் கொலையுண்டான். அவன் குற்றமற்றவன் என்பதைப் பின்னர் நிறுவியது எவர் நெஞ்சையும் துருவிய சோதனையன்று. அவையில் உடைக்கப்பட்ட சிலம்பின் உள்ளிருந்த மணி. யாவரும் காணத்தக்க பொருட்சான்று அது.

இலக்கியத்திற்கு வெளியே நடைமுறையில் தெய்வச் சோதனைகள் வழங்கின. பழுக்கக் காய்ச்சிய மழுவை ஏந்துதல், குடப்பாம்பிற் கையிடுதல் என்பன நம் மொழியில் இன்றும் வழங்கும் தொடர்கள். சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யிற் கைம்முழுக்கும் வழக்கம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் நிறுத்தப்பட்டது. இவை யாவும் ஒரே எண்ணத்தின் மேல் நின்றன: மனிதன் வாய் பொய் சொல்லும், அவன் மெய் பொய் சொல்லாது என்பதே அது. கொப்புளம் எழுந்தால் குற்றவாளி, எழாவிடின் தூயவன். இன்று மூளை அலையின் மேட்டையும் பள்ளத்தையும் நோக்குவோர் அவ்வெண்ணத்தினின்றும் எவ்வளவு தொலைவு வந்துள்ளனர் என்பது ஆராயத்தக்கது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

உடம்பை ஒறுத்து உண்மை பெறலாம் என்னும் எண்ணம் ஆட்சியின் கருவியான வரலாறு காவிரி நாட்டிற்கும் உரியது. சென்னை மாகாணத்தில் வரி தண்டுதற்கும் குற்றம் ஒப்புவித்தற்கும் சித்திரவதை நிகழ்கிறது என்னும் முறையீடு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுந்தபின், அதனை ஆராய 1854-இல் ஒரு குழு அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் உறுப்பினர். 1855-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இடம்பெற்று உலகறியலாயின. ஒன்று கிட்டி: இரு கோல்களை ஒருமுனையிற் பிணைத்து இடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்திலும் கால்விரலிலும் கயிறு மாட்டி உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. பள்ளிப் பிள்ளைகளைத் திண்ணை ஆசிரியர் ஒறுத்த முறையின் பெயரும் இதுவே. 1857-இல் கார்ல் மார்க்சு அமெரிக்க நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதினார்.

நெல்வளத்தால் பெருவரி தந்த தஞ்சைச் சீமை அம்மாகாணத்தின் பகுதியே. தாசில்தார் ஒருவரே வரி தண்டுவோராகவும் காவல் அதிகாரம் உடையோராகவும் இருந்தமை கொடுமைக்கு இடமாயிற்று. அதனை மாற்ற 1859-இல் சென்னைப் போலீசுச் சட்டம் பிறந்தது. போலீசாரிடம் கூறிய ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்னும் விதி 1861-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27-ஆம் பிரிவுகளிலும் இடம்பெற்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இவை 23-ஆம் பிரிவாக ஒருங்கு வைக்கப்பட்டுள்ளன. எனவே நம் சட்டத்தின் இவ்விதி கிட்டியின் நினைவைத் தன்னுள் தாங்கியது எனலாம்.

1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்த ஸ்டீபன், சான்று தேடி வெயிலில் அலைவதினும் நிழலில் அமர்ந்து கைதியை வருத்துவது போலீசார்க்கு எளிதாய்த் தோன்றுகிறது என்னும் பொருள்பட ஓர் அலுவலர் கூறியதைத் தம் நூலில் எடுத்தாண்டுள்ளார். ஈண்டு நோக்கத்தக்கது ‘எளிது’ என்னும் கருத்து. கொடுமையின் வேர் சினமன்று, உழைப்பைத் தவிர்க்கும் நாட்டம் என்பது இதனாற் பெறப்படும். வலியின்றி நெஞ்சைத் துருவும் பொறி கிடைப்பின் அந்நாட்டம் இன்னும் வளருமேயன்றிக் குறையாது.

வலி ஒறுப்பு அரசோடு மட்டும் நின்றதில்லை. கீழைத் தஞ்சையின் பண்ணைகளில் பண்ணையாட்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் பெற்ற வரலாறு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீண்டது. விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் போராட்டங்களும் 1952-ஆம் ஆண்டுத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்த பின்னரே அப்பிணைப்பு தளர்ந்தது. களத்தில் நெல் குறைந்ததென்றால் விசாரணை யாரிடம் தொடங்கும், எவ்வாறு முடியும் என்பதை அக்காலத்து முதியோர் அறிவர். ‘உண்மையைச் சொல்’ என்னும் ஆணை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே வந்தது.

மூளை அலை கூறுவது யாது

இனிக் கருவியின் இயல்பை நோக்குவோம். மனித மூளையின் மின்னலைகளைச் செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர் 1924-இல் முதன்முதற் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். எதிர்பாராத அல்லது பொருள்பொதிந்த ஒன்றைக் கண்டோ கேட்டோ ஏறத்தாழ 300 மில்லி விநாடி கழிந்தபின் எழும் ஓர் அலையை ஆய்வாளர் 1965-இல் அறிவித்தனர். பி-300 என்பது அதன் பெயர். அறிந்த பொருளைக் காணும்போது அவ்வலை உயரும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, குற்றச் செய்தி ஒருவன் நினைவில் உள்ளதா என அறியலாம் என்று அமெரிக்காவில் பார்வெல், டான்சின் ஆகியோர் 1991-இல் எழுதினர். பெங்களூரு நிம்ஹான்சு நிறுவனத்திற் பணியாற்றிய உளவியலறிஞர் சி. ஆர். முகுந்தன் இந்தியாவில் வேறொரு முறையை வகுத்தார். அதில் தலையில் மின்வாய்களுடன் கண்மூடி அமர்ந்திருப்பவர் ஒன்றும் பேச வேண்டுவதில்லை. நிகழ்ச்சியைத் தன்மையிடத்தில் கூறும் சிறுசிறு தொடர்கள் ஒலிக்கப்படும். கேள்வியுற்று அறிந்ததையும் தானே செய்து பட்டறிந்ததையும் மூளையலை கொண்டு வேறுபடுத்தலாம் என்பது அம்முறையின் கோட்பாடு.

2008 சூனில் புனே அமர்வு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இச்சோதனையின் முடிவையும் ஏனைய சான்றுகளோடு சேர்த்து ஏற்று வாழ்நாட் சிறை விதித்தது. உலகெங்கும் அத்தீர்ப்பு பேசப்பட்டது. அதே ஆண்டில் நிம்ஹான்சு இயக்குநர் தலைமையிலமைந்த வல்லுநர் குழு, இம்முறை அறிவியல் அடிப்படை போதாதது, நீதிமன்றச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று எனக் கருத்துரைத்தது. எந்த நிறுவனத்தின் மரபில் அம்முறை தோன்றியதோ அங்கிருந்தே மறுப்பும் எழுந்தது குறிப்பிடத்தக்கது.

குறை எங்குள்ளது என்பதை நம் நாட்டு எடுத்துக்காட்டால் விளக்குவோம். கடைமடை ஊர் ஒன்றில் தண்ணீர் முறை பற்றிய பூசலில் இரவில் ஒருவர் வெட்டுண்டார் எனக் கொள்வோம். மண்வெட்டி, மதகு, உடைந்த வரப்பு, கருவேல மரம் என்பன வழக்கின் செய்திகள். ஐயத்திற்கு ஆளானவர் அம்மடையில் நாள்தோறும் தண்ணீர் பாய்ச்சும் தொழிலாளி. இச்சொற்கள் ஒவ்வொன்றும் அவர் வாழ்க்கையே. பொழுது விடியுமுன் செய்தி தேநீர்க் கடைக்கு வந்துவிட்டது. பிணம் கிடந்த இடத்தை ஊரே சென்று பார்த்தது. இரண்டு நாள் விசாரணையில் போலீசாரே நிகழ்ச்சியைப் பலமுறை அவர் காதிற் போட்டுவிட்டனர். மூன்றாம் நாள் மூளை அலை உயர்ந்தால் அது எதனைக் காட்டும்? அவர் அறிவார் என்பதைக் காட்டலாம். எவ்வாறு அறிந்தார் என்பதைக் காட்டுமா?

நினைவு என்பது ஓலைச்சுவடிபோல் எழுதியது எழுதியவாறே கிடப்பதன்று. நினைக்குந்தோறும் அது புதிதாகக் கட்டப்படுகிறது என்பதை உளவியலறிஞர் பார்ட்லெட் 1932-இல் தம் நூலிற் காட்டினார். வினாவின் சொல்லை மாற்றினால் கண்டோரின் நினைவே மாறுவதை 1974-இல் லாப்டசும் பாமரும் சோதனையால் நிறுவினர். சுவடியிலேயே பாடவேறுபாடும் இடைச்செருகலும் ஏட்டுப்பிழையும் உண்டென்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். ஒரே ஏட்டை நம்பி மூலபாடம் துணிவது பதிப்பு நெறியன்று. அங்ஙனமாக, தன்னைத்தானே திருத்தி எழுதிக்கொள்ளும் ஏட்டை நம்பி ஒருவனைச் சிறைக்கு அனுப்புதல் எவ்வாறு நெறியாகும்?

உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை

இந்திய அரசியலமைப்பின் 20(3)-ஆம் உறுப்பு, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு கட்டாயப்படுத்தலாகாது என விதிக்கிறது. இதன் பொருளை 1961-இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் ஆராய்ந்தது. விரற்குறியும் கையெழுத்து மாதிரியும் பெறுதல் சாட்சியாக்குதல் ஆகாது. ஏனெனில் அவை அவருடைய அறிவிலுள்ள செய்தியைப் புலப்படுத்துவனவல்ல என்று அது முடிவு செய்தது. நம் சொல்லாற் கூறின், மெய்யிலிருந்து பெறுவது வேறு, வாயிலிருந்து பெறுவது வேறு.

மூளை அலை இவ்விரண்டில் எதன்பாற்படும் என்பதே பின்னெழுந்த சிக்கல். அது பெறப்படுவது மெய்யிலிருந்து. அது புலப்படுத்துவதோ உள்ளத்தை. இத்தகைய சோதனைகள் கட்டாயச் சாட்சியம் ஆகா என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கிற் கருதியது. பிற உயர் நீதிமன்றங்களும் அவ்வாறு தீர்ப்பளித்தன. இவற்றின்மேல் எழுந்த முறையீடுகளை ஒருங்கு கேட்ட உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கருநாடக மாநிலம் என்னும் வழக்கில் 2010 மே 5-இல் அக்கருத்தை மாற்றியது. தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருட்டிணனும் நீதிபதிகள் இரவீந்திரன், பஞ்சால் ஆகியோரும் அவ்வாயத்தினர்.

அத்தீர்ப்பின் சாரம் மூன்று கூறாக அமையும். முதலாவது, பாலிகிராப், நார்கோ, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றனுள் எதற்கும் எவரையும் அவர் விருப்பமின்றி உட்படுத்தலாகாது. அது 20(3), 21-ஆம் உறுப்புகளுக்கு முரணாகும். இரண்டாவது, ஒருவர் தாமே இசைந்து உட்பட்டாலும் சோதனையின் முடிவு சான்றாகாது. ஏனெனில் விடை அவருடைய நனவு வழிப்பட்ட ஆளுகையில் இல்லை. மூன்றாவது, இசைவோடு நடந்த சோதனையின் வழியே பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளோ செய்தியோ சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி ஏற்கப்படலாம். பாலிகிராப் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிகள் ஏனைய சோதனைகளுக்கும் பொருந்தும். அவற்றின்படி இசைவு நீதித்துறை நடுவர் முன்னிலையிற் பதிவாக வேண்டும். வழக்கறிஞர் துணை கிடைத்தல் வேண்டும்.

இவற்றுள் இரண்டாம் கூறு மிகவும் ஆழமானது. வலி இல்லாமையால் மட்டும் ஒரு முறை நேரியதாகிவிடாது என்பது அதன் உட்பொருள். கிட்டி தீயது அது நோவு தருவதனால் மட்டுமன்று. பேசுவோன் சொல்லை அவனுடையதல்லாததாக்குவதனாலும் ஆகும். நோவில்லாத பொறி இரண்டாவது தீமையை நீக்கவில்லை, மறைக்கிறது. வள்ளுவர் வாய்மை என்று பெயரிட்ட பொறுப்புள்ள சொல், அரைமயக்கத்தில் உளறுவோனிடத்தும் மின்வாய் பூண்டு வாளாதிருப்போனிடத்தும் இல்லை.

2025 சூனில் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இவ்வெல்லையை மீண்டும் உறுதி செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவர்க்கும் நார்கோ சோதனை நடத்துவதாகப் போலீசார் கூறியதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது தவறென அது கூறியது. தாமே விரும்புவோர் உரிய நிலையில் நீதிமன்றத்தின் இசைவு பெற்று உட்படலாம். ஆயின் அது தடுக்கவொண்ணா உரிமையன்று எனவும் தெளிவுபடுத்தியது.

இசைவு என்பது யாது

எனவே இன்று எல்லாம் இசைவு என்னும் ஒரு சொல்லின்மேல் நிற்கின்றன. காவிரிப் படுகையின் தலைவாயிலான திருச்சிராப்பள்ளியில் 2012-இல் நிகழ்ந்த ஒரு கொலை நெடுங்காலம் துலங்காதிருந்தது. ஐயத்திற்குரியோரைப் பாலிகிராப் சோதனைக்கு உட்படுத்தப் புலனாய்வுக் குழு 2022-இல் நீதிமன்றத்தை நாடியது. அங்கு ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்கப்பட்டது. செல்வி தீர்ப்பு நம் ஊர் நீதிமன்றங்களில் பயின்று வருவதற்கு இது சான்று.

ஆயின் கேட்டல் மட்டும் போதுமா? இசைவு உண்மையான இசைவாவதற்கு மறுக்கும் வழி திறந்திருக்க வேண்டும். மறுப்பவரை ‘மடியில் கனம் உள்ளவர்’ என ஊர் பேசும். செய்தித்தாள் குறிப்பால் உணர்த்தும். ‘உண்மை கண்டறியும் சோதனை’க்கு ஒருவர் உடன்படவில்லை என்று எழுதினால், அவர் உண்மைக்கே உடன்படாதவராகிறார். பெயரின் தீங்கு இங்கே வெளிப்படுகிறது.

தடியடிக்கு மாற்றாகவே இச்சோதனைகளைக் கொணர்ந்தோம் எனப் போலீசுத் துறையார் சிலர் கூறுவர். இது நல்லெண்ணத்தால் எழுந்த வாதமாதலும் கூடும். எனினும், காவல் நிலையத்துச் சுவரில் தடி சார்த்தியிருக்க, ஒருவரிடம் ‘மின்வாய்க்கு இசைகிறீரா’ என்று வினவினால், அவர் தேர்வது இரண்டு தீங்குகளில் ஒன்றையேயன்றி இசைவும் மறுப்புமன்று. தடி முற்றும் நீங்கிய இடத்தில்தான் இசைவு பிறக்கும். அதனால் இப்பொறி தடிக்கு மாற்றாதல் இயலாது. தடி நீங்கிய பின்னரே இது பற்றிப் பேசவும் இயலும்.

இதனொடு சேர்த்து எண்ணத்தக்கது 2022-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம். கைதானோரிடமிருந்து பெறத்தக்க அளவீடுகளின் பட்டியலில் விரற்குறி, கருவிழி முதலியவற்றோடு கையெழுத்து உள்ளிட்ட ‘நடத்தை இயல்புகள்’ என்னும் தொடரும் அதிற் காணப்படுகிறது. மூளை அலை நடத்தை இயல்பாகுமா? செல்வி தீர்ப்பு நிலைபெற்றிருக்கும்வரை ஆகாது என்பதே நம் துணிபு. எனினும், எல்லை வரையாத சொல் எந்நாளிலும் விரித்துரைக்கப்படலாம் என்பதை உரை மரபு பயின்றோர்க்குக் கூற வேண்டுவதில்லை. சில்லி நாடு 2021-இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் செய்தியையும் காக்குமாறு தன் அரசியலமைப்பையே திருத்தியது. நரம்புத் தொழில்நுட்ப அறம் பற்றிய பரிந்துரையை யுனெசுகோ 2025 நவம்பரில் ஏற்றது. நம் நாட்டில் இக்காவல் இதுவரை ஒரு தீர்ப்பின்மேல் நிற்கிறது. சட்டத்தின் வெளிப்படையான சொல்லின்மேல் நிற்கவில்லை.

வெண்மணி தரும் பாடம்

‘பொறியை மறுத்தால் எளியோர்க்கு நீதி கிடைப்பது எவ்வாறு? செல்வர் பொய்யை எதனால் வெல்வது?’ என்னும் வினா வலிமையானது. அதற்கு விடை கூறாது இவ்வாராய்ச்சி நிறைவுறாது.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டின மாவட்டத்தில் உள்ள கீழ்வெண்மணியில் 1968 திசம்பர் 25 இரவு, கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். அமர்வு நீதிமன்றம் 1970-இல் நிலக்கிழார் சிலர்க்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலமும் காரும் உடைய அத்தகையோர் தாமே நடந்துசென்று இச்செயலைச் செய்திருப்பர் என்பது நம்பற்கரியது என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

அவ்வழக்கில் நினைவுக்கு என்ன குறை? பிழைத்தவர் அனைவர் நெஞ்சிலும் அவ்விரவு இருந்தது. அவர்கள் வாய்திறந்து சொல்லவும் செய்தனர். குறைந்தது அவர்கள் சொல்லை எடைபோட்ட துலாக்கோல். இன்னார் சொல் எடையுள்ளது, இன்னார் சொல் எடையற்றது என்னும் முன்முடிவு நீதியின் அவைக்குள் இருக்குமாயின், எந்த மின்வாயும் அதனை மாற்றாது. முன்முடிவு உடையவரே பொறியின் அலையையும் படிப்பர். எவர் தலையில் அதனைப் பூட்டுவது என்பதையும் அவரே முடிவு செய்வர். சவுக்கும் சாணிப்பாலும் எத்திசையில் வந்தனவோ அத்திசையிலேயே இப்பொறியும் வரும் என அஞ்ச இடமுண்டு.

ஆகவே எளியோர்க்கு வேண்டுவது நெஞ்சைத் துருவும் கருவியன்று. சொல்லைச் செவ்விதிற் கேட்கும் அவை. புகார் நகரத்துப் பாவையின் வேலை அது. காவல் நிலையங்கள் அனைத்திலும் ஒளிப்பதிவுக் கருவி பொருத்துமாறு உச்ச நீதிமன்றம் 2020 திசம்பர் 2-இல் இட்ட ஆணையை இவ்வகையில் நாம் போற்றலாம். அக்கருவியும் நாவாற் பேசுவதில்லை. கண்ட அளவில் நிற்கிறது. பூதம் குடிகளை நோக்கும்; பாவை ஆள்வோரை நோக்கும். அறிவியல் தரும் பொறிகளுள் முதலில் நிறுவத்தக்கது பாவையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உள்ளத்தில் உள்ளது வேறு, வாயாற் பொறுப்பேற்றுச் சொல்வது வேறு, உடம்பு காட்டும் குறி வேறு என்பதும், நீதிமன்றத்திற்குரியது நடுவணதே என்பதும், உடம்பின் குறியை உள்ளத்தின் உண்மையாகக் கொள்ளும் பிழை தெய்வச் சோதனை முதல் மூளை அலை வரை தொடர்வது என்பதும் பெறப்பட்டன.

இதிற் தமிழாய்வார்க்கு இரண்டு கடமைகள் உள. முதலாவது, பெயரைத் திருத்துதல். ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்பதைக் கைவிட்டு, செய்வதைச் செய்தவாறே கூறும் ‘உடற்குறி அளக்கும் சோதனை’, ‘மயக்க மருந்து விசாரணை’, ‘மூளை அலைச் சோதனை’ என்னும் பெயர்களை நாளிதழ்களும் நீதிமன்றங்களும் ஆளுமாறு செய்தல் வேண்டும். இரண்டாவது, இசைவு ஆவணத்தின் மொழி. மின்வாய் பூணுமாறு கேட்கப்படும் கடைமடைத் தொழிலாளிக்கு, மறுக்கலாம் என்பதும், மறுப்பது குற்றத்தின் அறிகுறியாகாது என்பதும், இசைந்தால் பின்னர் என்ன நேரும் என்பதும் அவர் பேசும் தமிழில் விளங்க வேண்டும். அவ்வாவணத்தைச் சட்ட அறிஞரோடு அமர்ந்து எழுதித் தருதல் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சொல் அவருடையதாய் இருக்க வேண்டுமாயின், அவரிடம் நாம் கேட்கும் சொல்லும் அவர்க்கு விளங்கும் சொல்லாய் இருத்தல் வேண்டும்.